பூச்சிட்ட பல் உள்வைப்பும் எலும்பு வளர்ச்சியும்

இழந்த பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியம் திருகே பல் உள்வைப்பு (இம்ப்ளாண்ட்). எலும்பு விரைந்து பற்ற, சில வகைகளில் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கனிமம் பூசப்படுகிறது.

வரலாறு: டைட்டானியத்தோடு எலும்பு இணைவதை 1952இல் முயல் எலும்பில் கண்ட சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். பூச்சிட்ட உள்வைப்புகள் 1980களில் பரவின.

எலும்பு வளர்தல்: உள்வைப்புக்காகத் தாடையில் இட்ட துளையில் ரத்தம் உறைந்ததும் எலும்பாக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. பூச்சு, எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட் என்பதால், அதன் மீதே புது எலும்பு படிகிறது. முதலில் ஒழுங்கற்று வளர்ந்த எலும்பு பின்னர் அடுக்கடுக்காகச் சீராகிறது. மரபுமுறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் இணைப்பு முழுமை பெறக் காத்திருப்பர். பூச்சு உரிதல், ஈறுத் தொற்று, புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவை இணைப்பைக் கெடுக்கும்.

தருமபுரிச் சூழல்: தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அது பற்களில் பழுப்புக் கறையாகத் தெரியும்; எலும்புக் கனிமத்தின் இயல்பையும் மாற்றும். இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும், பல்லாண்டு ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்கள், உள்வைப்புக்கு முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லித் தாடை எலும்பை ஸ்கேன் செய்துகொள்வது நல்லது.