உடைந்த கிண்ணமும் வெள்ளி இணைப்பும்

பஸரா நகரில் நபித்தோழர் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களிடம் ஒரு மரக்கிண்ணம் இருந்தது. நல்ல மரத்தில் கடையப்பட்ட, வாய் அகன்ற கிண்ணம். அது ஒருமுறை விரிசல் கண்டது. அவ்விரிசல் வெள்ளியால் இணைக்கப்பட்டிருந்தது. ஆஸிம் அல்அஹ்வல் (ரஹ்) என்னும் தாபியீ அக்கிண்ணத்தைத் தம் கண்ணால் கண்டதையும் அதில் நீர் அருந்தியதையும் இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பருகிய கிண்ணம் அது. அதைச் செப்பனிட்டவர் அண்ணலாரா, அனஸ் (ரலி) அவர்களா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உடைந்த பாத்திரம் வீசி எறியப்படவில்லை என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

அக்கிண்ணத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பூண் இருந்தது. அதை நீக்கிவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ பூண் கட்ட அனஸ் (ரலி) விரும்பினார்கள். அப்போது அபூதல்ஹா (ரலி), அல்லாஹ்வின் தூதர் செய்த ஒன்றை மாற்ற வேண்டாம் என்று தடுத்தார்கள். இரும்புப் பூண் அப்படியே நிலைத்தது.

அனஸ் (ரலி) வறியவர் அல்லர். அண்ணலாரின் துஆவால் செல்வமும் மக்கட்பேறும் பெற்றவர்கள். அவர்களுடைய தோட்டம் ஆண்டுக்கு இருமுறை கனி தந்தது என்று திர்மிதீயில் காண்கிறோம். புதிய கிண்ணங்கள் பல வாங்கும் வசதி படைத்தவரின் இல்லத்தில்தான் ஒட்டுப்போட்ட கிண்ணம் மதிப்போடு விளங்கியது. பழுதுபார்ப்பது ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணும் நம் காலத்தவர் இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

இச்சிறு நிகழ்வு சட்டநூல்களிலும் தடம் பதித்தது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணுதலும் பருகுதலும் தடுக்கப்பட்டவை. அவ்வாறிருக்க, உடைந்த பாத்திரத்தைச் சிறிதளவு வெள்ளியால் இணைக்கலாமா என்ற வினா எழுந்தது. தேவைக்காகச் சிறிய அளவில் இணைப்பது ஆகும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் விளக்கினர். பாத்திரங்கள் பற்றிய பாடத்தில், பழுதுபார்த்தலுக்கென்றே ஓர் இடம் கிடைத்தது.

அண்ணலாரின் இல்லத்திற்குள் நோக்குவோம். வீட்டில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள், ஆண்கள் தத்தம் வீடுகளில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்பது அன்னையார் அளித்த விடை. அக்காலக் காலணி தோலால் ஆனது. வார் அறுவது வாடிக்கை. ஒரு காலணியின் வார் அறுந்தால், அதைச் சீர்செய்யும் வரை மற்றொன்றை மட்டும் அணிந்து நடக்க வேண்டாம் என்ற அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பழுது கண்ட இடத்திலேயே நின்று சரிசெய்துகொண்டு, அதன்பின் நட என்பதே அதன் உட்பொருளாக நமக்குப் படுகிறது.

இக்கைத்திறன் ஆடவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி), தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் இல்லத்தில் குதிரைக்குத் தீனி வைத்ததையும், நீர் இறைத்ததையும், கிழிந்த தோல்வாளியைத் தைத்ததையும் தாமே எடுத்துரைக்கிறார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டுத் தைக்கும் தொழில் அறிந்தவர்கள்; அவ்வருவாயை அறவழியில் ஈந்தவர்கள். ஊசியும் நூலும் தோல்வாரும் அந்த இல்லங்களின் அன்றாடப் பொருள்கள்.

பொருளைச் செப்பனிட வேண்டுமாயின் கருவி நன்னிலையில் இருக்க வேண்டும். இதற்கும் நபிவழியில் பாடம் உண்டு. அறுக்கும் முன் கத்தியைக் கூர்மையாக்கிக் கொள்ளுமாறு அண்ணலார் கட்டளையிட்டார்கள். மழுங்கிய கத்தி பிராணிக்கு வேதனை. ஆக, சாணை பிடித்தல் இரக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. பள்ளிவாசல் வழியாக அம்புகளோடு செல்பவர், பிறர்மீது பட்டுவிடாதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடுதல், தோற்பையின் வாயைக் கட்டுதல், விளக்கை அணைத்தல் ஆகியவையும் அவர்கள் கற்பித்த இல்லப் பேணுதல்களே.

அவர்களுக்கு முன்சென்ற நபிமார்களும் கருவி பிடித்த கரத்தினர். ஸகரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள் என்பது நபிமொழி. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்ததையும், போர்க்கவசத்தின் கண்ணிகளை அளவோடு இணைக்குமாறு பணித்ததையும் திருமறையின் ஸபா அத்தியாயம் கூறுகிறது. அரசாட்சியும் வேதமும் அருளப்பெற்ற ஒருவருக்குக் கண்ணியின் அளவைப் பற்றியும் இறைவன் கட்டளையிட்டான் என்பது எத்துணை ஆழ்ந்த செய்தி!

இல்லத்தில் வேரூன்றிய இம்மனப்பாங்கு, பின்னாளில் சமூக அமைப்பாகவும் வளர்ந்தது. 1326ஆம் ஆண்டு திமிஷ்கு நகரை அடைந்த பயணி இப்னு பதூதா, ஒரு சந்தில் தாம் கண்ட காட்சியை எழுதுகிறார். அடிமைச் சிறுவன் ஒருவனின் கையிலிருந்து சீனத்துப் பீங்கான் தட்டு நழுவி உடைந்தது. மக்கள் கூடினர். சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு ஒருவர் சொன்னார். அங்கே சில்லுகளைக் காட்டியதும், அதுபோன்ற தட்டு வாங்கும் விலை அவனுக்குக் கிடைத்தது. எசமான் அச்சிறுவனை அடித்திருப்பான், அல்லது கடிந்திருப்பான். அவன் உள்ளம் உடைந்திருக்கும். இந்த வக்ஃபு உள்ளங்களுக்கு மருந்தாயிற்று என்று இப்னு பதூதா நெகிழ்கிறார். பாத்திரம் உடைந்தமைக்காக ஒரு மனிதன் உடைந்துவிடக் கூடாது என்று எண்ணிய செல்வர்களும் நம் வரலாற்றில் இருந்தனர்.

வக்ஃபு பற்றிய சட்டத்திலும் பழுதுபார்த்தலே முன்நிற்கிறது. நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் 'ஹிதாயா' என்னும் ஹனஃபீ நூலை இயற்றிய இமாம் மர்கீனானீ (ரஹ்) 1197இல் மறைந்தவர்கள். வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தைச் செப்பனிடுவதற்கே உரியது. வக்ஃபு செய்தவர் அதனை நிபந்தனையாகக் கூறாவிடினும் அவ்வாறே என்பது அந்நூல் தரும் சட்டம். ஓடு பிரிந்த கூரையின் கீழ் அன்னதானம் நடத்துவதைவிட, முதலில் ஓட்டை மாற்றுவதே அந்த அறம் நிலைக்க வழி.

செப்பனிடுதலைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று, பாரசீக, உருது மொழிகளின் வழியே தமிழுக்கும் வந்தது. அதுவே 'மராமத்து'. ஏரி, வாய்க்கால்களை ஊரார் ஒன்றுகூடித் தூர்வாரி, கரையைப் பலப்படுத்திய வழக்கத்தைத் தமிழகம் 'குடிமராமத்து' என்று அழைத்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென வந்த கட்டாய உழைப்புச் சட்டமும் அப்பெயராலேயே அறியப்பட்டது. தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லும் கைகோத்து நிற்க, அவற்றை இணைத்தது ஊரின் உழைப்பு.

இன்று நம் இல்லங்களின் நிலை என்ன? நாற்காலியின் கால் ஆடினால் அது மொட்டை மாடிக்குப் போகிறது. ஒரு வாஷர் தேய்ந்தமையால் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது. உளூவிலும் நீரை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம் அச்சொட்டை வாரக்கணக்கில் காண்கிறோம். திருகுளி எங்கே இருக்கிறது என்று தேடும் நேரத்தில் வேலையே முடிந்திருக்கும்.

பெரிய ஆயத்தம் ஏதும் வேண்டியதில்லை. சுத்தியல், திருகுளி, குறடு, அரம், ஊசி நூல் ஆகியவற்றை ஒரு பெட்டியில் ஓரிடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, இரும்பின்மீது மெல்லிய எண்ணெய் தடவுங்கள், துரு அணுகாது. சுத்தியலின் தலை பிடியில் ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூரிய கருவிகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அம்பின் முனையைப் பற்றச் சொன்ன நபிமொழியை நினைவிற்கொள்ளுங்கள். மின்சார வேலைக்குத் தேர்ந்தவரையே அழையுங்கள். அவர் வந்து செய்யும்போது, மகனையும் மகளையும் அருகில் நிறுத்திப் பார்க்கச் செய்யுங்கள். கூலியைக் குறைக்காமல், மரியாதையுடன் கொடுங்கள். அழுக்குப் படிந்த அக்கரங்கள், தாவூத் நபியும் ஸகரிய்யா நபியும் மேற்கொண்ட உழைப்பின் வழியில் வந்தவை.

நம் வசமுள்ள ஒவ்வொரு பொருளும் அமானிதம். அதன் கடைசிப் பயன் தீரும்வரை பேணுவது, அதை அளித்த இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றி. காலணி தைத்த திருக்கரத்தின் உம்மத்தினர் நாம். நம் கரங்களுக்கும் அத்திறனையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.