மாறா மொழியும் மாறும் திரையும்

கணிதத்தில் ஒரு சார்புக்கு ஒரே எண்ணை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் கிடைக்கும். அவ்வொழுங்கைக் கணினி நிரலுக்கும் விதியாக்க விழைந்தோர் சார்பு நிரல்மொழிகளைப் படைத்தனர். அவற்றுள் புகழ்பெற்றது ஹாஸ்கெல். 1987-இல் அறிஞர் குழுவொன்று தொடங்கிய முயற்சி, 1990-இல் அம்மொழியின் முதல் வரையறையாக வெளிவந்தது. ஒருமுறை குறித்த மதிப்பு பின்னர் மாறாது என்பதே அதன் அடிப்படையாகும்.

கணினித் திரையின் இயல்போ நேர்மாறானது. பொத்தானை அழுத்தினால் சாளரம் திறக்கிறது. விசையைத் தட்டினால் பெட்டியில் எழுத்து தோன்றுகிறது. மாற்றத்தை ஏற்காத மொழியில், மாற்றமே வடிவான திரையை எவ்வாறு அமைப்பது? இவ்வினாவே பல்லாண்டு ஆய்வுக்கு வித்திட்டது.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்து மாக்னஸ் கார்ல்சன், தாமஸ் ஹால்கிரென் இருவரும் 1993-இல் 'ஃபட்ஜெட்ஸ்' என்னும் முறையை வெளியிட்டனர். திரையின் ஒவ்வோர் உறுப்பும் செய்தியை ஏற்றுச் செய்தியை அனுப்பும் சிறு கருவியாயிற்று. அவற்றை இணைத்தால் முழு நிரல் உருவாகும். மொழியின் தூய்மை கெடவில்லை. எனினும் அம்முறை யூனிக்ஸ் உலகின் எக்ஸ் சாளர அமைப்பையே நம்பி நின்றது. விண்டோஸ், மெக்கின்டாஷ் ஆகியவற்றுக்கென அனைத்தையும் மீண்டும் படைப்பது சிறு ஆய்வுக் குழுக்களின் ஆற்றலை மீறிய உழைப்பாகும்.

டான் லெயன் வேறு வழி கண்டார். அவர் 2004-இல் விளக்கிய 'டபிள்யூஎக்ஸ்-ஹாஸ்கெல்', சி++ மொழியில் முன்னரே எழுதப்பெற்றிருந்த பொது நூலகமொன்றின் மீது அமைந்தது. ஒரே நிரல் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கியது. ஆனால் இதற்கும் விலை உண்டு. திரைப்பணியைப் படிப்படியான கட்டளைகளாகவே எழுத வேண்டியிருந்தது. அடித்தள நூலகம் மாறுந்தோறும் இடைப்பாலத்தையும் செப்பனிட வேண்டியதாயிற்று. தூய்மையைக் காத்தது பரவவில்லை. பரவியதோ இரவல் நிலத்தில் நின்றது.

இவ்விரண்டையும் நெருங்கச் செய்தது 2012-இல் இவான் சாப்லிக்கி வெளியிட்ட 'எல்ம்' மொழி. அதன் தொகுப்பி ஹாஸ்கெல்லிலேயே எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. எல்லா இயக்கமுறைமைகளிலும் ஏற்கெனவே இருந்த இணைய உலாவியையே அது களமாகக் கொண்டது. அதில் நிலையைக் கொடுத்தால் திரையின் வடிவத்தைத் தருவது ஒரு தூய சார்பு. திரையை மாற்றும் வேலையைச் செய்வது மொழியின் இயக்கப் பகுதி.

ஆக, சார்பு மொழி மாற்றத்தை வெல்லவுமில்லை, அதற்குப் பணியவுமில்லை. மாற்றம் நிகழ வேண்டிய இடத்தை வரையறுத்தது. அவ்வெல்லையைக் காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.