தபால்தலைகளில் சென்னை மாநகரம்

சென்னைக்கு அடியிட்ட 1639 நில மானியமும் கோட்டை எழுந்த கதையும் அன்பர்கள் அறிந்தவையே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு தபால்தலைக்கு இரண்டு காலங்கள் உண்டு: அதில் உள்ளவர் வாழ்ந்த காலம், நாடு அவரை நினைத்துக்கொண்ட காலம். இரண்டாவதைத்தான் சேகரிப்பாளர்கள் கவனிக்கத் தவறுகிறோம். மயிலையைத் தம் ஊராக மரபு போற்றும் திருவள்ளுவருக்கு 1960 பிப்ரவரி 15 அன்று தலை வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், திருவல்லிக்கேணியில் மறைந்த பாரதிக்கு. இரண்டும் 15 நயா பைசாத் தலைகள். வள்ளுவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தார். பாரதி 39 ஆண்டு. பேரறிஞர் அண்ணாவுக்கோ முதலாம் நினைவு நாளிலேயே, 1970 பிப்ரவரி 3 அன்று, தலை வந்துவிட்டது.

மயிலை என்றதும் பேனா நிற்க மறுக்கிறது. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் ஓணம், கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று கபாலீச்சரத்தின் திருவிழாக்களை வரிசையாகக் காட்டுகிறார். ஆங்கிலேயக் கும்பினிக் கப்பல் கரை தட்டுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே ஒரு நகரம் விழாக் கொண்டாடியது. அதே மயிலைக் கடற்கரையோடு மரபு சேர்த்துச் சொல்லும் புனித தோமையாருக்கு 1964-இல் ஒரு தலை, 1973-இல் இன்னொன்று.

என் உள்ளம் கவர்ந்தது 1962 டிசம்பர் 22-இல் வந்த ராமானுஜன் தலை. அவர் 1912 மார்ச் 1 அன்று துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தேற்றங்கள் அடுக்கிய அந்தத் தாள்கள் கடல் கடந்தது தபாலில்தான். தபாலால் உலகறிந்தவர் தபால்தலையானார். கடற்கரைச் சாலையில் 1884 முதல் நிற்கும் சிவப்புக் கட்டடத்தில்தான், 1786-இல் தொடங்கிய நம் பொதுத் தபால் நிலையத்தில்தான், அந்தக் கடிதத்தைச் சேர்த்திருப்பார் என்று எண்ணி மகிழ்வது என் வழக்கம். சான்று கேட்காதீர்கள்!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு நம் பல்கலைக்கழகமும் 1957-இல் நூற்றாண்டுத் தலை பெற்றது. அடையாற்றைத் தம் இல்லமாக்கிக்கொண்ட அன்னி பெசன்ட் அம்மையாருக்கு 1963-இல் தலை. சென்ட்ரல் நிலையம் 2009-இல் பாரம்பரிய ரயில் நிலையங்கள் வரிசையில் இடம் பெற்றது. ஆயினும் கட்டடங்களைவிட மனிதர்களாலேயே இவ்வூர் தபால்தலைகளில் நிறைந்திருக்கிறது என்பது என் துணிபு.

பெற்றோரே, அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தின் தபால்தலைப் பிரிவுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தலையை மட்டும் வாங்கித் தராதீர்கள். உடன் வரும் தகவல் ஏட்டையும் படிக்கச் சொல்லுங்கள்.