ஒருபொருட் பன்மொழி: அமரகோசத்திலிருந்து போட்டித் தேர்வு வரை

போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இந்திய மாணவர் எவருடைய குறிப்பேட்டைப் புரட்டினாலும் ஆங்கிலப் பெயரடைகளின் நீண்ட பட்டியல் ஒன்று தென்படும். ‘ஃப்ரூகல்’ என்று ஒரு சொல். அதற்கு நேரே ‘திரிஃப்டி’, ‘பார்சிமோனியஸ்’, ‘ஸ்டின்ஜி’ என மூன்று. நான்கிற்கும் பொருள் ஒன்றே என்பது போல அவை ஒரே வரியில் நிற்கும். உண்மையில் முதல் இரண்டு பாராட்டு, பின்னிரண்டு வசை. சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒன்றாக்கும் இப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்பது மொழிக் கல்வி வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு கேள்வி.

சொற்களை அகர வரிசையில் அல்லாமல் பொருள் வரிசையில் தொகுப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. அமரசிம்மரின் அமரகோசம் மூன்று காண்டங்களாகச் சொற்களைப் பொருள்வழிப் பகுத்து, செய்யுளாகத் தருகிறது. அதன் மூன்றாம் காண்டத்தின் முதல் வருக்கமே அடைமொழிகளுக்கு உரியது. தமிழில் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் இவ்வகையிலேயே ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்தன. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்தனர். ஆனால் கற்றல் அத்துடன் முடியவில்லை. நூற்பாவை ஒப்பித்த மாணவனுக்கு ஆசிரியரும் உரைநூலும் சொல்லின் பிறப்பை விளக்கின. பின்னர் காவியத்தில் அச்சொல் நிற்கும் இடத்தை அவன் கண்டான். மனப்பாடம் வாசலாக இருந்தது. வீடு அப்பால் இருந்தது.

ஐரோப்பாவில் இத்துறை வேறு திசையில் தொடங்கியது. 1718-இல் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஜிரார், ஒத்த பொருளுடையவையாகத் தோன்றும் சொற்களுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாடுகளை விளக்கி நூல் எழுதினார். ஆங்கிலத்தில் ஹெஸ்டர் பியோட்ஸி 1794-இலும், ஜார்ஜ் கிராப் 1816-இலும் அதே பணியைச் செய்தனர். இவர்களுடைய நோக்கம் சொற்களைச் சேர்ப்பதன்று, பிரித்தறிவது. ஆங்கிலத்தில் இத்தேவை மிகுதி. ஜெர்மானிய வேரிலிருந்து ‘கிங்லி’, பிரெஞ்சு வழியாக ‘ராயல்’, நேரே லத்தீனிலிருந்து ‘ரீகல்’ என ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குகளில் பெயரடைகள் அம்மொழியில் படிந்துள்ளன. அடுக்கு மாறினால் தொனி மாறும்.

1852-இல் வெளிவந்த பீட்டர் மார்க் ரோஜேயின் ‘தெசாரஸ்’ இந்த மரபிலிருந்து விலகியது. மருத்துவரான ரோஜே, கருத்துலகம் முழுவதையும் 6 பெரும் பிரிவுகளாகவும் 1,000 தலைப்புகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றின் கீழும் சொற்களை அடுக்கினார். விளக்கம் எதுவும் தரவில்லை. ஒத்த சொற்களின் வேறுபாட்டை ஆராய்வது தனித் துறை என்றும், தாம் அதில் புகவில்லை என்றும் முன்னுரையிலேயே தெளிவுபடுத்தினார். அந்நூல், மொழியை முன்னரே அறிந்தும் தக்க சொல் நினைவுக்கு வராமல் தவிக்கும் எழுத்தாளருக்கானது. அதே முன்னுரையின் அடிக்குறிப்பில் ரோஜே அமரகோசத்தைக் குறிப்பிடுகிறார். கோல்புரூக்கின் மொழிபெயர்ப்புடன் 1808-இல் செராம்பூரில் அச்சான பதிப்பு அது. அதன் அமைப்பு குறைபாடுடையது, குழப்பமானது என்பது அவர் தீர்ப்பு. ஓலைச்சுவடிக்கும் மனப்பாடத்துக்கும் உரிய ஒரு நூலை அச்சு நூலின் அளவுகோலால் அவர் அளந்தார் என்றே கொள்ள வேண்டும்.

இனி இந்தியச் சூழலுக்கு வருவோம். 1835-இல் மெக்காலேயின் குறிப்பையடுத்து அரசு ஆங்கிலக் கல்வியின் பக்கம் சாய்ந்தது. 1844-இல் ஹார்டிஞ்சின் தீர்மானம், ஆங்கிலம் பயின்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தந்தது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஆங்கிலம் பிழைப்பின் மொழியாயிற்று. ஆயினும் பெரும்பாலோருக்கு அது பேச்சில் கேட்ட மொழியன்று, நூலில் கண்ட மொழி. தொனி என்பது செவிவழி வருவது. செவி இல்லாத இடத்தில் பட்டியல் அமர்ந்தது.

அதன் விலையையும் இந்தியரே கொடுத்தனர். நீதிபதி அனுகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய உறவினர் ஒருவர் எழுதி 1873-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். அதன் பகட்டான சொல்லாட்சி ஆங்கிலேயரின் நகைப்புக்கு நெடுங்காலம் இலக்காயிற்று. 1897-இல் நூலாக வந்த எஃப். ஆன்ஸ்டியின் ‘பாபு ஜப்பர்ஜி’ அக்கேலியைக் கதைமாந்தராகவே வார்த்தது. அரிய சொற்களைக் கற்றால்தான் பணி என்று விதித்த அதே ஆட்சியின் மக்கள், அச்சொற்களைப் பயன்படுத்தியவரைப் பார்த்துச் சிரித்தனர்.

அந்த இரட்டை நிலை இன்றும் நீங்கவில்லை. பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் ஒத்த சொல், எதிர்ச்சொல் வினாக்கள் தொடர்கின்றன. 1949-இல் அமெரிக்க வாசகருக்காக நார்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. ஆனால் லூயிஸ் சொல்லின் வேரிலிருந்து தொடங்கி வாக்கியத்துக்குக் கொண்டுசெல்கிறார். நம் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் சொல்லையும் நிகர்ச்சொல்லையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இதற்கிடையே அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு 1994-இல் எதிர்ச்சொல் வினாக்களைக் கைவிட்டது, ஜி.ஆர்.இ. 2011-இல் அவ்வாறே செய்து, வாக்கியத்தினுள் பொருந்தும் இரு சொற்களைத் தேரும் வினாவைக் கொணர்ந்தது. சொல்லைத் தனித்துக் கேட்பதைவிட வாக்கியத்தில் வைத்துக் கேட்பதே பொருத்தம் என்னும் கருத்து இம்மாற்றங்களில் புலப்படுகிறது.

இது வெறும் தேர்வுமுறைச் சிக்கலன்று. தாய்மொழி வழியில் பயின்று ஆய்வுக்கு வரும் மாணவர், பட்டியலை நம்பி, பெயர்பெற்ற அறிஞர் ஒருவரை ‘நொட்டோரியஸ்’ என்று எழுதிவிடுகிறார். அச்சொல் தீய புகழைக் குறிப்பது. மதிப்பீட்டாளர் அங்கே சிந்தனைக் குறைவைக் காண்கிறார். உண்மையில் அங்கு இருப்பது, கற்பித்த முறையின் குறைவு.

எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐந்து நிகர்ச்சொற்களை ஒரு வரியில் எழுதுவதற்குப் பதிலாக, இரண்டை எடுத்து, ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாத ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் அதுவே: மனப்பாடத்தைப் பழிக்க வேண்டியதில்லை, பழைய ஆசிரியர் அதற்குப் பின் செய்துவந்த பாதியை நாம் மீண்டும் செய்யத் தொடங்கினால் போதும்.