ஒரே எழுத்தா, வேறு எழுத்தா? சீன, ஜப்பானிய ஆள்களப் பெயர்களின் வரலாறு

இணையத்தில் ஒரு தளத்தை அடைய நாம் தட்டச்சு செய்யும் முகவரிப் பெயரே ஆள்களப் பெயர் எனப்படும். 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் இப்பெயர் முறையை வடிவமைத்தார். நடைமுறையில் இப்பெயர்களில் ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஒரு சிறுகோடு ஆகியவை மட்டுமே இடம்பெற்றன. பிற மொழி பேசுவோர் இணையத்துக்கு வந்தபோது, தங்கள் எழுத்திலேயே பெயர் வேண்டும் என்று கேட்டனர். அக்கோரிக்கையை நிறைவேற்றுவதில் மிகக் கடினமான சிக்கல் சீன எழுத்துகளால் எழுந்தது. எவை இரண்டும் ஒரே எழுத்து, எவை வேறு வேறு எழுத்து என்பதே அந்தச் சிக்கல்.

ஓர் எழுத்து, மூன்று வடிவம்

சீன எழுத்துகளைச் சீனர் மட்டும் பயன்படுத்துவதில்லை. ஜப்பானியரும் தம் மொழியை எழுத அவற்றைப் பயன்படுத்துகின்றனர். அவர்கள் அவற்றைக் கான்ஜி என்பர். கொரியாவிலும் அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் எழுத்துச் சீர்திருத்தங்கள் நடந்தன. ஜப்பான் 1946-இல் அன்றாடப் பயன்பாட்டுக்கென 1,850 எழுத்துகளைப் பட்டியலிட்டது. 1949-இல் பலவற்றுக்கு எளிய வடிவங்களை வகுத்தது. சீனா 1956-இல் தன் எளிதாக்கல் திட்டத்தை வெளியிட்டது. தைவானும் ஹாங்காங்கும் பழைய மரபு வடிவங்களையே வைத்துக்கொண்டன.

இதன் விளைவாக, 'டிராகன்' என்ற பொருள் தரும் எழுத்துக்குச் சீனாவில் ஒரு வடிவம், தைவானில் ஒரு வடிவம், ஜப்பானில் வேறொரு வடிவம் உள்ளன. 'நாடு' என்ற எழுத்தோ சீனாவிலும் ஜப்பானிலும் ஒன்றாகவும், தைவானில் வேறாகவும் இருக்கிறது. ஒருங்குறி முறை இவ்வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்துள்ளது. படிப்பவர் 'ஒரே சொல்தானே' என்பார். கணினிக்கோ அவை வேறு வேறு பெயர்கள்.

முதல் முயற்சிகள்

பன்மொழி ஆள்களப் பெயர் பற்றிய தொடக்க முன்மொழிவை 1996-இல் மார்ட்டின் டூர்ஸ்ட் எழுதினார். 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு இதைச் செயலில் காட்டியது. 1995-இல் நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றியவரும் இதே டான் டின் வீ என்பது தமிழர் அறியவேண்டிய செய்தி.

2000 நவம்பரில் 'டாட் காம்' முதலிய பொது ஆள்களங்களில் சீன, ஜப்பானிய, கொரியப் பெயர்களுக்கான சோதனைப் பதிவு தொடங்கியது. அப்போதுதான் ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரை எளிய வடிவில் ஒருவரும், மரபு வடிவில் இன்னொருவரும் பதிவு செய்ய இடமிருந்தது. பெய்ஜிங்கிலும் தைப்பேயிலும் இருந்து ஒரே வங்கியின் பெயரைத் தட்டச்சு செய்யும் இருவர், வேறு வேறு தளங்களுக்குப் போய்ச் சேரக்கூடும். பணத்தையும் கடவுச்சொல்லையும் இழக்க இது போதுமே!

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதுவதுபோல், இவ்வடிவங்களையும் உலகெங்கும் ஒன்றாக்கிவிடலாமே என்று சிலர் கேட்டனர். இரண்டு காரணங்களால் அது முடியவில்லை.

முதலாவது, மரபு முறையில் 'வெளிப்படுத்து' என்பதற்கு ஓர் எழுத்தும் 'தலைமுடி' என்பதற்கு வேறோர் எழுத்தும் உண்டு. எளிய முறையில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதை மரபு வடிவுக்கு மாற்றும்போது எதைத் தேர்வது என்று தனி எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது.

இரண்டாவது, சீனாவில் 'இயந்திரம்' என்பதன் எளிய வடிவம் ஜப்பானில் 'மேசை' என்று பொருள்படும். ஜப்பானியர் இயந்திரத்துக்குப் பழைய வடிவத்தையே எழுதுகின்றனர். சீனருக்கு ஒன்றாக உள்ள இரு வடிவங்கள் ஜப்பானியருக்கு வேறு வேறு சொற்கள்.

கூட்டுக் குழுவின் தீர்வு

2003 மார்ச்சில் பன்மொழிப் பெயர்களுக்கான தொழில்நுட்பத் தரம் வெளிவந்தது. 'பியூனிகோடு' என்னும் முறையில் எந்த மொழிப் பெயரையும் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றி, பழைய கட்டமைப்பிலேயே அனுப்ப வழி பிறந்தது. ஆனால் மாற்று வடிவச் சிக்கல் அப்படியே நின்றது.

சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகியவற்றின் இணையப் பெயர் நிறுவனங்கள் கூட்டுப் பொறியியல் குழு ஒன்றை அமைத்து இதை ஆராய்ந்தன. அக்குழுவின் வழிகாட்டி, 2004 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 3743 என்ற எண்ணில் வெளியானது. அதன் முறை வருமாறு:

1. ஒவ்வொரு பதிவகமும் மொழிவாரியாக ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளும். அதில் மூன்று பத்திகள்: அனுமதிக்கப்பட்ட எழுத்து, விரும்பத்தக்க வடிவம், ஏனைய மாற்று வடிவங்கள்.
2. விண்ணப்பிப்பவர், தம் பெயர் எந்த மொழிக்குரியது என்று தெரிவிக்க வேண்டும்.
3. அட்டவணையைக் கொண்டு அப்பெயரின் எல்லா வடிவங்களும் கணக்கிடப்பட்டு ஒரே தொகுப்பாகக் கட்டப்படும். சில வடிவங்கள் செயல்படும். மற்றவை யாருக்கும் கிடைக்காதபடி ஒதுக்கப்படும்.
4. தொகுப்பு முழுவதும் ஒரே உரிமையாளருக்கு உரியது. கைமாற்றினாலும் நீக்கினாலும் அனைத்தும் சேர்ந்தே நடக்கும்.

ஏன் எல்லா வடிவங்களையும் செயல்படுத்தவில்லை? நான்கு எழுத்துப் பெயரில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வடிவங்கள் இருந்தால் 3 × 3 × 3 × 3 = 81 பெயர்கள் உருவாகும். எனவேதான் தேர்ந்தெடுத்தவை தவிர மற்றவை பூட்டி வைக்கப்படுகின்றன.

இரு முடிவுகள்

ஒரே வழிகாட்டியிலிருந்து சீனாவும் ஜப்பானும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தன. சீனப் பெயர்களுக்கான பரிந்துரை 2006 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 4713 ஆக வெளியானது. அதன்படி, விண்ணப்பித்த வடிவம், முழு எளிய வடிவம், முழு மரபு வடிவம் ஆகியவை செயல்படும், மற்றவை ஒதுக்கப்படும்.

ஜப்பானின் 'டாட் ஜேபி' ஆள்களத்தில் ஜப்பானிய எழுத்துப் பெயர்ப் பதிவு 2001-இல் தொடங்கியது. அதன் அட்டவணையில் 6,355 கான்ஜி எழுத்துகள் உள்ளன. மாற்று வடிவம் என்று எதுவுமில்லை. பழைய வடிவமும் புதிய வடிவமும் தனித்தனிப் பெயர்கள். காரணம், குடும்பப் பெயர்களே. 'சவா' என்ற ஒலி வரும் குடும்பப் பெயரைச் சிலர் பழைய எழுத்திலும் சிலர் புதிய எழுத்திலும் எழுதுகின்றனர். இரண்டையும் ஒன்று என்று கட்டிவிட்டால், முதலில் பதிவு செய்த குடும்பம் மற்றக் குடும்பத்தின் பெயரையும் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

சீனாவில் இரு வடிவங்களைப் பிரித்தால் ஏமாற்றுக்கு வழி. ஜப்பானில் சேர்த்தால் உரிமைக்குக் கேடு. அவரவர் மொழிக்கு அவரவர் முடிவு சரியே.

பொதுவான வேர்

ஒவ்வொரு நாடும் தன் ஆள்களத்துக்குள் தன் விதியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகவரியின் கடைசிப் பகுதி உலகுக்கே பொதுவான வேர்ப் பட்டியலில் உள்ளது. 2010-இல் 'சீனா' என்ற நாட்டுப் பெயர் எளிய, மரபு ஆகிய இரு வடிவங்களிலும் அங்கு இடம்பெற்றது. இரண்டையும் ஒரே நிறுவனமே நிர்வகிக்கிறது. பின்னர் வேர்ப் பட்டியலுக்கான எழுத்து விதிகளை வகுக்கச் சீன, ஜப்பானிய, கொரியக் குழுக்கள் தம் அட்டவணைகளை ஒருவரோடொருவர் ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது. 2022-இல் வெளிவந்த அவ்விதிகளின் ஐந்தாம் பதிப்பில் மூன்று மொழிகளும் உள்ளன.

தமிழ் மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 'ஔவை' என்பதை ஔ என்னும் ஒரே உயிரெழுத்தாலும் எழுதலாம். ஒ, ள என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும் பலர் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, கணினிக்கு இரண்டு. எது சரி என்பதைக் கணினி தானாகச் சொல்லாது. அந்த மொழியை எழுதுவோர் கூடி முடிவு செய்து, அதை அட்டவணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். கிழக்காசிய நாடுகள் செய்தது அதைத்தான்.