ரியோவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

1988 டிசம்பர் 22. பிரேசிலில் அமேசான் காட்டோரம் இருக்கும் ஷாப்புரி என்ற சிற்றூரில், ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் தன் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டை வெட்டி மாட்டுப் பண்ணை போட வந்தவர்களை அவர் எதிர்த்துவந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1989 டிசம்பர் 22 அன்று, நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை 44/228 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் சேர்த்துப் பேச உலகத் தலைவர்கள் 1992 ஜூனில் கூட வேண்டும் என்றது அந்தத் தீர்மானம். நடத்துகிறேன் என்று முன்வந்த நாடு பிரேசில்.

தேதிகள் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் மென்டிஸின் மரணம் உலகத்தின் பார்வையை அமேசான் பக்கம் திருப்பியிருந்தது. எரியும் காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் பிரேசில் இருந்தது.

அந்த ரியோ மாநாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது தலைவர்கள் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம். ஆனால் ரியோவில் ஏற்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், நைரோபியிலும் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் நடந்த ஆயத்தக் குழுக் கூட்டங்களில் வரிவரியாகச் சண்டையிட்டு எழுதப்பட்டது. அந்தச் சண்டைதான் உண்மையான வரலாறு.

மாநாட்டின் பொதுச் செயலாளர் கனடாவின் மாரிஸ் ஸ்ட்ராங். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டையும் நடத்தியவர் அவரே. ஆயத்தக் குழுவின் தலைவர் சிங்கப்பூரின் டாமி கோ. கடல் சட்ட மாநாட்டை முடித்துவைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1990 ஆகஸ்டில் நைரோபியில் கூடிய முதல் கூட்டத்திலேயே மோதல் தொடங்கியது. தன்னார்வ அமைப்புகளை உள்ளே விடலாமா, கூடாதா? நீண்ட வாதத்துக்குப் பிறகு கதவு திறந்தது. பின்னாளில் சுமார் 1,400 அமைப்புகள் அங்கீகாரம் பெற்றன.

கூட்ட அறைகளுக்கு வெளியேயும் வேலை நடந்தது. இதில் டெல்லியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட 1990-91 அறிக்கை, பூமியைச் சூடாக்கும் வாயுக்களை அதிகம் வெளியிடும் முதல் ஐந்து நாடுகளில் பிரேசில், சீனா, இந்தியா ஆகியவற்றையும் சேர்த்தது. டெல்லியின் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் ஒரு சிறு நூலில் இதற்குப் பதில் எழுதினார்கள். நெல் வயலிலிருந்தும் உழவு மாட்டிலிருந்தும் வரும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் கார்களின் புகையையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயம்? ஒன்று வயிற்றுப்பாட்டுக்கு, இன்னொன்று சொகுசுக்கு. காட்டுக்கும் கடலுக்கும் இந்த வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும் சக்தி உண்டு. அது உலக மக்கள் எல்லோருக்கும் பொது. அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் இந்தியா தன் பங்கைத் தாண்டவே இல்லை. மெலிந்த நூல்தான். ஆனால் ஏழை நாடுகளின் பேச்சாளர்கள் கையில் அது வலுவான ஆயுதமானது.

1991 ஜூனில் 41 வளரும் நாடுகளின் அமைச்சர்கள் பெய்ஜிங்கில் கூடி, சீரழிவுக்கு முதன்மைப் பொறுப்பு வளர்ந்த நாடுகளுடையது என்று அறிவித்தார்கள். அந்த நவம்பரில் மயாமியில் 83 நாடுகளிலிருந்து சுமார் 1,500 பெண்கள் திரண்டு தங்களுக்கென ஒரு செயல்திட்டம் எழுதினார்கள். விதைகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதற்கு முன்பே, 1990 தொடக்கத்தில், சென்னையில் பேசப்பட்டிருந்தது. வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் பயிர் மரபு வளங்களைப் பற்றி நடந்த கீஸ்டோன் கலந்துரையாடலின் இரண்டாவது அமர்வு அது. தலைமுறை தலைமுறையாக விதைகளைக் காத்துவந்த உழவர்களின் உரிமை அங்கே முக்கியப் பொருளாக இருந்தது.

1992 மார்ச்சில் நியூயார்க்கில் கடைசி ஆயத்தக் கூட்டம், ஐந்து வாரம். ஒத்துவராத சொற்களெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போயின. சுருக்கமாக ஒரு 'பூமி சாசனம்' வேண்டும் என்பது ஸ்ட்ராங்கின் ஆசை. வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-77 அதை ஏற்கவில்லை. வளர்ச்சிக்கான உரிமை இல்லாத சாசனம் தங்களுக்கு எதற்கு என்றன அந்த நாடுகள். டாமி கோ இரு தரப்பிலிருந்தும் சில நாடுகளை மட்டும் ஒரு சிறு குழுவாக உட்காரவைத்து, சாசனத்துக்குப் பதிலாக 27 கோட்பாடுகளை எழுதி முடித்தார். எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்ற ஏழாவது கோட்பாடு, அந்தச் சண்டையில் ஏழை நாடுகள் பெற்ற பெரிய வெற்றி. இன்றைய பருவநிலைப் பேச்சுகள் வரை அதன் மீதுதான் வாதம் நடக்கிறது.

காடு விஷயத்தில் அந்த வெற்றி இல்லை, தோல்வியும் இல்லை. பணக்கார நாடுகள், எல்லோரையும் கட்டுப்படுத்தும் காடு ஒப்பந்தம் கேட்டன. மலேசியாவும் இந்தியாவும் அசையவில்லை. எங்கள் காட்டின் மீது எங்களுக்கே அதிகாரம் என்றன. பணத்தைப் பற்றிப் பேச வந்தபோது பேச்சு நின்றே போனது. மாநாட்டுக்காகத் தயாரான 'அஜெண்டா 21' செயல்திட்டத்துக்கு வளரும் நாடுகளில் ஆண்டுக்கு 60,000 கோடி டாலருக்கு மேல் தேவை, அதில் 12,500 கோடி வெளி உதவியாக வர வேண்டும் என்று ஸ்ட்ராங்கின் செயலகம் கணக்கிட்டிருந்தது. யார் தருவது? நிதி அத்தியாயம் அடைப்புக்குறிகளோடு ரியோவுக்குக் கிளம்பியது.

பருவநிலை உடன்படிக்கைக்குத் தனிக் குழு. 2000-க்குள் வாயு வெளியீட்டை 1990 அளவுக்குக் கொண்டுவர ஐரோப்பா உறுதி கேட்டது, அமெரிக்கா மறுத்தது. மே 9 அன்று ஏற்கப்பட்ட வாசகத்தில் கட்டாயமான இலக்கு இல்லை. அதன் பிறகே அதிபர் புஷ் ரியோவுக்கு வருவதாக அறிவித்தார். இதில் அதிருப்தியடைந்த ஐரோப்பிய சமூகத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் கார்லோ ரிப்பா டி மியானா, அந்த மாநாட்டுக்கு நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மே 22 அன்று நைரோபியில் பல்லுயிர் உடன்படிக்கையின் வாசகம் முடிந்தது. சில நாட்களிலேயே, அதில் கையெழுத்திட மாட்டோம் என்றது அமெரிக்கா.

ஜூன் 3 அன்று ரியோசென்ட்ரோவில் மாநாடு தொடங்கியது. முக்கியக் குழுவின் தலைவராக மறுபடியும் டாமி கோ. நிதி, காடு, வளிமண்டலம் மூன்றும் அவர் மேசையில் அப்படியே இருந்தன. தலைவர்களின் விமானங்கள் வந்திறங்க ஒரு வாரம்தான் இருந்தது.

(தொடரும்)