மாதிரி விமானக்கலை (போர் விமானங்கள்)

உண்மையான போர் விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, படைச்சின்னங்களைப் பதித்து முடிக்கும் பொழுதுபோக்கு இது. இம்மாதிரிகள் பறப்பதில்லை. பறக்கவிடும் ஏரோமாடலிங் வேறு துறை. பொம்மை என்றும் இதைச் சொல்ல முடியாது. மயிரிழைத் தடிமனில் ஆன்டெனா கம்பி கட்டிய ஒன்றை யாரும் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை.

கிட் என்ற வடிவில் இக்கலை தொடங்கியது 1932-இல், இங்கிலாந்தில். ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த 'ஸ்கைபேர்ட்ஸ்' வரிசையில் மரத்தாலான உடலும் உலோகச் சிறுபாகங்களும் இருந்தன. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி, அதாவது 1/72. அடி, அங்குலத்தில் வரைந்த விமான வரைபடங்களை மனக்கணக்கிலேயே சுருக்கிவிடலாம் என்பதால் அந்த அளவு நிலைத்தது. மீட்டர் கணக்கில் வேலை செய்யும் நாடுகளும் பிறகு அதையே ஏற்றுக்கொண்டன.

1936-இல் வந்தது 'ஃபிராக் பென்குவின்'. பறக்கும் மாதிரிகளுக்குப் பெயர்பெற்ற ஃபிராக் நிறுவனம், பறக்காத தன் வரிசைக்குப் பறக்காத பறவையின் பெயரை வைத்தது. 1/72 அளவில், செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்த இவையே உலகின் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்கள். அந்தப் பிளாஸ்டிக் காலத்தைத் தாங்காது. ஈரத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளும். இன்று எஞ்சியிருக்கும் பென்குவின் மாதிரிகள் பலவற்றின் இறக்கை, ஈரக்காற்று பட்ட அப்பளம்போல் வளைந்திருக்கும்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பொழுதுபோக்கை அரசு வேலையாக்கியது. எதிரி விமானத்தையும் தம் விமானத்தையும் நொடியில் பிரித்தறியப் படையினரைப் பழக்க, அமெரிக்கக் கடற்படை 1942 தொடக்கத்தில் 5,00,000 மாதிரிகள் வேண்டும் என்று கேட்டது: 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000. பள்ளி மாணவர்கள் மரத்தில் செதுக்கி, கறுப்புச் சாயம் பூசி அனுப்பினார்கள். அளவு இங்கும் 1/72-தான். அந்த அளவிலான மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே போர்க்களத் தொலைவைக் கொண்டுவர இதைவிட மலிவான வழி இருந்திருக்க முடியாது.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்தது. உருக்கி எஃகு அச்சுக்குள் செலுத்தினால் ரிவெட் வரிசைகூடப் பதியும்; திரவப் பசை தொட்டால் இரு விளிம்புகளும் உருகி ஒன்றாகும். ஹங்கேரியரான நிக்கோலஸ் கோவ் 1939-இல் லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலின் கிட்டை உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றுப் பார்த்தது. அடுத்துச் சில ஆண்டுகளில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கிட் வெளிவந்தது. அமெரிக்காவின் அரோரா நிறுவனத்து 1/48 கிட்டைப் பார்த்துச் சுருக்கியது அது. விலைபோகாது என்று நினைத்த கோவ், அச்சுச் செலவை வடிவமைத்தவர்கள் தலையில் கட்டப்போவதாக மிரட்டினார் என்பது ஏர்ஃபிக்ஸ் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் கதை. ஸ்பிட்ஃபயர் விற்றது, அதன்பின் விமானமே அந்நிறுவனத்தின் முதன்மைச் சரக்கானது. 1964 முதல் பத்தாண்டுகள் ஓவியர் ராய் கிராஸ் வரைந்த பெட்டிப் படங்களுக்காகவே கிட் வாங்கியவர்கள் உண்டு.

அச்சு விலையுயர்ந்தது என்பதால் எளிதில் சாவதில்லை. கம்பெனி மூழ்கினாலும் அச்சு கைமாறும். 1970-களின் நடுவில் ஃபிராக் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போய், 'நோவோ' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஜெர்மனி, ஜப்பான் விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெல் நிறுவனத்தின் வசம் சேர்ந்தன. போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் ஜெர்மன் மெசர்ஷ்மிட்டுக்கு மாஸ்கோவில் இடமில்லை.

பரவலாகப் பயன்படும் அளவுகள் நான்கு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். அது 1/144-இல் 7.8 செ.மீ., 1/72-இல் 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ. ஆகும். ஒற்றை எஞ்சின் விமானத்தோடு நின்றால் பெரிய அளவுகள் கவர்ச்சிதான். 31 மீட்டர் அகல லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 1/32-இல் செய்தால் 97 செ.மீ. வரும், அதை எந்த அலமாரியில் வைப்பது? குண்டுவீச்சு விமானத்தையும் சண்டை விமானத்தையும் ஒரே தட்டில் ஒரே விகிதத்தில் நிறுத்த 1/72 இடம் தருகிறது. ஆகவே அது முதன்மை அளவுகளில் ஒன்று. 1950-களில் ரெவெல் போன்றவை பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு விமானத்தைச் சுருக்கி விற்ற 'பெட்டி அளவு' கிட்களை முறையான வகையாகக் கொள்வதில்லை.

வேலைமுறை விமானியின் அறையில் தொடங்கும். உடல் பாதிகளை ஒட்டிவிட்டால் உள்ளே தூரிகை போகாது. பாகங்களை, அவற்றைப் பிணைத்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்து கட்டரால் வெட்டி, ஒட்டாமலே பொருத்திப் பார்த்து, இணைப்புக் கோட்டைப் புட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மூக்குச் சக்கரம் உள்ள ஜெட்டுகளில் முன்பக்கம் ஈயக்குண்டு வைக்க மறந்தால், முடிந்த மாதிரி வால் குத்தி உட்கார்ந்துவிடும். விமானியின் அறையை மூடும் கனோபியைச் சூப்பர் குளூவால் ஒட்டக் கூடாது. அதன் ஆவி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும்.

பிறகு பிரைமர். ஏர்பிரஷ்ஷில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. சின்னங்கள் அச்சிட்ட டெகால் படலத்தை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது விருப்பம் சார்ந்ததல்ல. சொரசொரப்பான மேட் பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று தங்கி, சின்னத்தைச் சுற்றி வெள்ளிபோல் மின்னும். அதன்மேல் தகட்டுக் கோடுகளில் நீர்த்த கருமையை ஓடவிடும் 'வாஷ்', கடைசியில் மேட் வார்னிஷ்.

சண்டை எல்லாம் நிறத்தில்தான். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய ஜீரோ விமானங்களை வெளிர் சாம்பல் என்று நூல்கள் நீண்டகாலம் எழுதின. விழுந்த விமானங்களின் துண்டுகள் காட்டுவது ஆலிவ் கலந்த சாம்பல், அதுவே சரி. தொலைவில் நிற்கும் பொருளின் நிறம் காற்றினால் வெளிறித் தெரியும், எனவே மாதிரியின் நிறத்தையும் சற்று வெளுக்க வேண்டும் என்ற வாதத்தையும் தேர்ந்தவர்கள் பலர் ஏற்கிறார்கள். அழுக்கேற்றுவதில்தான் அளவு மீறல் அதிகம். எல்லாத் தகட்டுக் கோடுகளையும் கருக்கி, எல்லா விளிம்பிலும் சாயத்தை உதிர்த்துவிடுவார்கள். நாள்தோறும் துடைத்துப் பராமரிக்கப்பட்ட விமானத்தில் புகைக்கறை படிவது எக்சாஸ்டுக்குப் பின்னாலும் துப்பாக்கி வாயிலும்தான்.

ஜெர்மன் விமானங்களின் வால் சின்னம் தனிச் சிக்கல். ஸ்வஸ்திகாவுக்கு ஜெர்மனியில் சட்டத் தடை இருப்பதால் பல டெகால் தாள்களில் அது இரண்டு துண்டுகளாக அச்சாகிறது. வாங்குபவரே அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரலாற்று ஆவணம் என்ற முறையில் அதைப் பதிப்பதே நேர்மையானது.

இப்போது ஷிசுவோகாவின் டமியா, ஹசேகவா, செக் நாட்டு எடுவார்ட், சீன, உக்ரைன் நிறுவனங்கள் சந்தையில் முன்னணியில் உள்ளன. முப்பரிமாண அச்சிடலும் வந்துவிட்டது. 2006 முதல் ஹார்ன்பி நிறுவனத்தின் கையில் உள்ள ஏர்ஃபிக்ஸின் பெட்டிகள் பலவற்றில் 'இந்தியத் தயாரிப்பு' என்று காணலாம். வெளிநாட்டுக் கிட்களை இந்தியாவுக்குள் கொண்டுவர, பொம்மை இனத்தில் சேர்த்து விதிக்கப்படும் அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20-லிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்தது.